பிரேக்கின் மேல் இரண்டு விரல்

ரத்தப் பரிசோதனை லேபில், சாம்பிள் எடுத்துப்போகும் பைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு மேசை, ஆறு கொக்கிகள், ஒரு வெள்ளைப் பலகை. கொக்கிகளில் ஹெல்மெட்டுகள் தொங்கும். மேசைமேல் ஐஸ் பேக்குகள் வியர்த்துக்கொண்டு கிடக்கும். எந்த ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள் என்று எழுதத்தான் நிர்வாகம் அந்தப் பலகையை மாட்டியது. ஆனால் மேல்பாதி மட்டும்தான் நிர்வாகத்துக்கு. கீழ்ப்பாதியை ராடார் எப்போதோ பிடுங்கிக்கொண்டாள்.

ராடார் என்பது அவளுக்கு அந்த அறை வைத்த பெயர். பன்னிரண்டு வருடமாக ரத்தக் குழாய்கள் அடுக்கிய பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவள். எந்தக் கார் எந்தச் சந்திலிருந்து மூக்கை நீட்டும் என்பது அந்தக் காருக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரியும் என்பார்கள். பலகையின் கீழ்ப்பாதியில் அவள் சேர்த்துவைத்திருந்தவை கார்க்காரர்கள் சொன்ன சாக்குகள். யாராவது உரசிவிட்டுப் போனாலும் சரி, உரசப் பார்த்துவிட்டுப் போனாலும் சரி, அன்றைக்குச் சாயந்திரம் வந்து எழுதியே ஆக வேண்டும். எந்த இடம், என்ன நிறக் கார், அந்த ஆள் வாயிலிருந்து என்ன வந்தது.

பாலத்துக்குக் கீழே, சிவப்பு: ‘நீ ஹாரன் அடிச்சிருக்கலாம்ல?’

மார்க்கெட் வளைவு, சாம்பல்: ‘இண்டிகேட்டர் போட்டேனே.’ (திரும்பின பிறகு.)

பள்ளிக்கூட வாசல், நீலம்: ‘பிள்ள அழுதுச்சு, திரும்பிப் பாத்தேன்.’

‘திடீர்னு வந்துட்டீங்க’ என்பதை ஏழு பேர் சொல்லியிருந்ததால் அதை ஒரே ஒருமுறை எழுதிப் பக்கத்தில் ஏழு கோடு போட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிடும்போது பெருசு அவற்றை ஒவ்வொன்றாக, கார்க்காரர்களின் குரலிலேயே வாசித்துக் காட்டுவார். முப்பது வருட அனுபவக்காரர் அவர். சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறும்.

மற்றதெல்லாம் அழிந்து அழிந்து புதிதாக வரும். முதல் வரி மட்டும் அப்படியே இருக்கும். அதை அழியாத மையால் எழுதியிருந்தாள். வெள்ளைக் கார், பழைய தபால் ஆபீஸ் முனை: ‘பார்த்தேம்மா. ஆனா தெரியல.’

அது அவளுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பக்கத்துச் சந்திலிருந்து காரைக் கொண்டுவந்து நேராக அவள்மேல் விட்டார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து நாற்பது நாள் படுக்கை. ரோட்டில் அவள் கிடக்கும்போது அந்த மனிதர் குனிந்து, கை நடுங்க, அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார். பார்த்தாராம், ஆனால் தெரியவில்லையாம். இதைவிடப் பச்சைப் பொய் உண்டா? ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை பழப்பையோடு வந்தார். மூன்று தடவையும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை, அவர் காதில் விழுகிற மாதிரியே புருஷனிடம் சொன்னாள்: “கண்ணிருந்தும் பாக்காதவரு, இங்க வந்து என்னத்தப் பாக்கப் போறாராம்? அனுப்பிவிடு.”

கார்க்காரர்களைப் பற்றி அவளுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. அவர்களுக்குக் கண் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரிகிறது. நம்மை ஒரு ஆளாகத்தான் தெரியவில்லை. குப்பைத்தொட்டி தெரிகிற மாதிரி, விளக்குக் கம்பம் தெரிகிற மாதிரி நாம் தெரிகிறோம், அவ்வளவுதான். இந்தக் கோபத்தை அவள் தினமும் காலையில் ஹெல்மெட்டோடு சேர்த்து மாட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். அது இருக்கிறவரை ரோட்டில் அவளுக்குத் தூக்கம் வராது, பயமும் வராது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்வதெல்லாம் கொஞ்சம்தான். இண்டிகேட்டரைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார், சக்கரம் பொய் சொல்லாது. நிற்கிற காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்று வைத்துக்கொள். ஓட்டுகிறவன் முகம் உன் பக்கம் திரும்பினால் அவன் உன்னைப் பார்த்துவிட்டான் என்று நினைக்காதே. எல்லாவற்றுக்கும் மேலாக, வலது கையின் இரண்டு விரல் எப்போதும் பிரேக்கின் மேல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த இரண்டு விரல் அங்கே இருக்க வேண்டும்.

அதனால்தான் அவர்களுக்குள் வணக்கம் சொல்லும் முறையே அப்படி ஆயிற்று. எதிரும் புதிருமாகப் போகும்போது கையை ஆட்டமாட்டார்கள், ஹாரன் அடிக்கமாட்டார்கள். பிரேக்கின் மேலிருக்கும் அந்த இரண்டு விரலை ஒரு நொடி தூக்கிக் காட்டி, மறுபடி வைத்துக்கொள்வார்கள். நீயும் நானும் விழித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

*

அன்று காலை இன்சார்ஜ் மேடம் வந்து வாசலில் நின்றார். கார் டிரைவருக்குக் காய்ச்சல். ஊர்க்கோடி ஆஸ்பத்திரிக்குப் பெரிய குளிர்ப்பெட்டி ஒன்று போயாக வேண்டும். பைக்கில் ஏறாது.

“கார் லைசென்ஸ் உன்கிட்டதான் இருக்கு. ஒரே ஒரு ட்ரிப்பு, போயிட்டு வந்துடேன்.”

 பெருசுதான் முதலில் தொடங்கினார். “ஏ ராடாரு, கட்சி மாறிட்டியா?”

“ஒரு ட்ரிப்புதான் பெருசு. உசிரு போகாது.”

“யாரு உசிருன்னு சொல்லிட்டுப் போ.”

“அக்கா, கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசியப் போட்டுக்கங்க. அப்பதான் அறிவு மழுங்கும்” என்றான் ராக்கெட். அவன் வேகத்துக்கு வைத்த பெயர் அது.

மூலையில் உட்கார்ந்து பெட்டிக்குப் பட்டை இறுக்கிக்கொண்டிருந்த ஆமை மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு முப்பத்தைந்து வயது. பல் டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு முனையிலும் நின்று நின்று போவான், அதனால் ஆமை. எட்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அவன் பங்குக்குப் பலகையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவும் ஒரு கார்க்காரர் அவனைப் பார்த்து, “ஏம்ப்பா, போக மாட்டியா?” என்று கேட்டது.

“பாத்து ஓட்டுங்கக்கா” என்றான். “நானும் அந்தப் பக்கந்தான் வரேன்.”

“எனக்கே சொல்றியாடா?” என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

*

கதவைச் சாத்தியதும் ரோடு நின்றுபோன மாதிரி இருந்தது. அந்த நிசப்தத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. பைக்கில் போகும்போது ரோடு என்பது தோலில் படுகிற பொருள். தார் சூடு, பஸ் விடுகிற புகை, பின்னால் வருகிற வண்டியின் உறுமல், எல்லாம் உடம்பு வழியாகத்தான் உள்ளே வரும். இங்கே எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. சீட்டு முதுகைத் தாங்கியது. வெயில்கூட மடியில் விழுந்து கிடந்ததே ஒழிய சுடவில்லை. பத்து நிமிஷத்தில் அவள் தோள்கள் இறங்கின. பன்னிரண்டு வருடத்தில் ரோட்டில் இருக்கும்போது அவள் தோள்கள் இறங்கியதே இல்லை.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வேண்டியது, அண்ணி வீட்டு விசேஷம், கொடியில் காயப்போட்ட துணி என்று மனசு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் போயிற்று. ஒரு பைக்காரன் இடுக்கில் புகுந்து முன்னால் போனபோது, “எங்கேருந்துதான் வர்றானுங்களோ” என்று அவள் வாயே சொல்லிற்று. சொன்னபிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாயந்திரம் இதைப் பெருசிடம் சொல்லவேண்டும், பலகையில் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மின்வாரிய ஆபீஸ் பக்கத்துச் சந்து பெரிய ரோட்டில் சேருகிற இடத்தில் காரை நிறுத்தினாள். நின்றாள், அதில் சந்தேகமே இல்லை. வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். மறுபடி வலது பக்கம் பார்த்தாள். ரோடு வெறிச்சென்று இருந்தது. தூரத்தில் தண்ணீர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது, அது வருவதற்குள் போய்விடலாம். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தாள்.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. மேசையிலிருந்து கனமான புத்தகம் விழுந்தால் கேட்குமே, அப்படி. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

என்னவோ மேலேயிருந்து விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பலகை ஏதாவது, மரக்கிளை ஏதாவது. வெறிச்சென்று இருந்த ரோட்டில் மனிதன் எப்படி இருப்பான்?

இறங்கினாள். காருக்கு முன்னால் பைக் படுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் லேபின் நீலப் பெட்டி பிளந்து கிடந்தது. சின்னச் சின்னக் குழாய்கள் ரோடெல்லாம் உருண்டுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின்மேலும் பெயர் ஒட்டியிருந்தது. அவற்றுக்கு நடுவில், ஒரு கால் இருக்கக்கூடாத திசையில் இருக்க, ஆமை கிடந்தான்.

ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவன் கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தது. அந்தக் கண்ணில் வலிகூட இன்னும் வந்து சேரவில்லை. அதில் இருந்தது வெறும் ஆச்சரியம்.

 குனிந்தாள். அவள் கை நடுங்குவதை அவளே பார்த்தாள். பிறகு அவள் வாய் திறந்தது. அவள் எதையும் யோசிக்கவில்லை, தேடவில்லை. நாக்கில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த மாதிரி வந்தது.

“பார்த்தேன்டா. ஆனா தெரியல.”

*

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீல நாற்காலிகள் ஒன்றோடொன்று கோர்த்துப் போட்டிருந்தன. ஒருத்தர் அசைந்தால் வரிசையே அசைந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ்காரர் வந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நின்னீங்களா? நின்னேன். ரெண்டு பக்கமும் பாத்தீங்களா? பாத்தேன். அப்புறம் எப்படி? அதற்கு, ஆமையிடம் சொன்ன அதே பதிலைச் சொன்னாள். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் கேட்கிற பதில் என்பது அவர் எழுதிய வேகத்திலேயே தெரிந்தது. இன்சார்ஜ் மேடமே ஆட்டோவில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, குளிர்ப்பெட்டியை வேறு வண்டியில் அனுப்பினார். போகும்போது அவள் தோளில் கைவைத்து, “இப்போதைக்கு யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்” என்றார்.

அவள் மனசு ஒரு காரணத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. காரின் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் ஒரு கம்பம் நிற்கிறதே, அது மறைத்திருக்கும். ஆமாம், அதுதான் மறைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விட்டாள்.

ஆமையின் மனைவி ஓடி வந்தாள். அவள் தையல் கடையில் வேலை செய்கிறவள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ராடாரின் துப்பட்டாவில் இருந்த ரத்தத்தைப் பார்த்ததும் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களாக்கா கொண்டுவந்து சேத்தீங்க? நல்லவேளை, நீங்க இருந்தீங்க. யாருக்கா இடிச்சது?”

ராடார் வாயைத் திறந்தாள்.

“ஒரு கார்” என்றாள்.

காரை ஓட்ட ஆளே இல்லாத மாதிரி. அது தானாகச் சந்திலிருந்து கிளம்பி வந்த மாதிரி.

“அவன் நாசமாப் போக” என்று தொடங்கினாள் மனைவி. “கண்ணு அவிஞ்சு போயிடுச்சா அவனுக்கு? ஒரு மனுசன் வர்றது தெரியாதா? எங்க வீட்டுக்காரரு எறும்பு குறுக்க வந்தாலும் நிப்பாரேக்கா. அவரப் போயி... கார்ல குந்திட்டா மத்தவங்கள்லாம் மனுசங்களாத் தெரியாது இவனுங்களுக்கு.”

ஒவ்வொரு சொல்லும் தன்னுடையது என்று ராடாருக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருடமாகத் தான் ரோடெல்லாம் இறைத்துவிட்டு வந்த சொற்கள், ஒன்று விடாமல் வீட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து நிற்கின்றன. மனைவி போய்ச் சுடச்சுட டீ வாங்கிவந்து அவள் கையில் திணித்தாள். “குடிங்கக்கா. நடுங்குறீங்க பாருங்க.” ராடார் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை.

போனில் அவர்கள் குழுவில் செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. “எவன்டா அந்தக் கார்க்காரன்?” “நம்பர் கெடச்சுதா?” “ஆமையவே இடிச்சிருக்கான்னா அவன் குருடனாத்தான் இருக்கணும்.” பெருசு ஒரு படம் அனுப்பியிருந்தார். பலகையின் கீழ்ப்பாதியில் புதிதாக ஒரு வரி. ‘மின்வாரிய ஆபீஸ் முனை, கார்’ என்று எழுதி, அந்த ஆள் சொன்னதை எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். தொடை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது. கம்பி வைத்தாயிற்று. காலைக் காப்பாற்றியாயிற்று. நடப்பான், ஆனால் பழைய நடை வருமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும். மறுபடி பைக் ஓட்ட முடியுமா என்று கேட்டபோது அவர் தலையை ஆட்டினார். அது ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை.

உள்ளே போனார்கள். மருந்து மயக்கத்தில் ஆமையின் முகம் வீங்கிய மாதிரி இருந்தது. மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். பிறகு ராடாரைப் பார்த்தான். அந்த ஆச்சரியம் இன்னும் அங்கேயே இருந்தது.

“அக்கா” என்றான். “ஒண்ணு கேக்கவா? நெஜமாவே பாக்கலையா நீங்க?”

அவள் கட்டிலுக்கு இன்னும் கிட்டே போனாள்.

“நம்ம லேப் கார்னு தூரத்துலயே தெரிஞ்சிடுச்சு. நீங்கன்னும் தெரிஞ்சிடுச்சு. வேற யாராவதா இருந்தா நின்னிருப்பேன்க்கா. என்னத் தெரியும்ல உங்களுக்கு, நின்னிருப்பேன். உங்க மொகம் நேரா என் பக்கம் திரும்புச்சு. கண்ணும் கண்ணும் பாத்துச்சு. சரி, அக்கா பாத்துட்டாங்கன்னு...” அவன் வலது கையைப் போர்வைக்கு மேல் கொஞ்சம் தூக்கினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் மெல்ல எழுந்தன. “வணக்கம் சொன்னேன்க்கா.”

அந்த இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிரேக்கின் மேல் இருக்கவேண்டிய விரல்கள். எட்டு வருடமாக, தங்களுக்குள் சொல்லும் வணக்கத்துக்குத் தவிர, அங்கிருந்து நகராத விரல்கள். எந்தக் காரைக் கண்டும் எழுந்திராதவை, அவளைக் கண்டு எழுந்தன.

கம்பம் மறைக்கவில்லை. கம்பம் மறைத்திருந்தால் அவன் எப்படி அவள் கண்ணைப் பார்த்திருப்பான்? அவன் அங்கே இருந்தான். அவள் பார்வை அவன்மேல் பட்டது. பட்டு, அவனைத் தாண்டித் தூரத்துத் தண்ணீர் லாரிக்குப் போய்விட்டது. அவள் மனசுக்குள்ளே கார் அளவுக்கு, லாரி அளவுக்குத் திறந்துவைத்திருந்த வாசலில் ஒரு பைக் வந்து நின்றதே தெரியவில்லை. அவளுக்கு அவன்மேல் அலட்சியம் இல்லை. ஆணவம் இல்லை. அவன் தலையில் அன்று காலைதான் செல்லமாகத் தட்டிவிட்டு வந்தாள். அப்படியிருந்தும் தெரியவில்லை.

அவனுடைய மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றாரு இவரு? எந்த லேப் காரு?”

“நான்தான்” என்றாள் ராடார். “நான்தாம்மா இடிச்சேன். பார்த்தேன். ஆனா தெரியல.”

மனைவி திட்டவில்லை. திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அந்தப் பெண் மெதுவாக அருகில் வந்து, ராடாரின் கையில் ஆறிப்போயிருந்த டீக் கோப்பையை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள். அதை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பி, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீங்க போங்க” என்றாள் சுவரைப் பார்த்து.

*

வீட்டில் புருஷன் எல்லாவற்றையும் கேட்டான். அவன் அச்சகத்தில் வேலை செய்பவன். எதற்கும் சட்டென்று பதில் சொல்கிற ஆள் இல்லை. விரல் நுனியில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். மகள் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வாத்தியார ஞாபகம் இருக்கா?” என்றான் கடைசியில்.

“அவரப் பத்தி இப்ப ஏன் பேசற?”

“நான் அப்பப்ப அவர பஸ்ஸுல பாப்பேன். சொன்னா நீ குதிப்பன்னு சொல்லல. அன்னைக்கே கார வித்துட்டாராம். பொண்ணு வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறாரு. என்னப் பாத்தா எழுந்து சீட்டு குடுப்பாரு, அந்த வயசுல. ‘அந்தம்மா எப்படி இருக்காங்க, கழுத்து வலிக்குதா’ன்னு கேப்பாரு. ஒவ்வொரு தடவயும் கேப்பாரு.”

“நீ என்ன சொல்லுவ?”

“நல்லா இருக்கான்னு சொல்லுவேன்.”

அவள் கழுத்துப்பட்டை எலும்பைத் தடவிப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. மூன்று வருடமாக அந்த மேட்டைத் தொட்டால் அவளுக்குக் கோபம் வரும், ஸ்விட்சைத் தொட்டால் விளக்கு எரிகிற மாதிரி. இப்போது தொட்டாள். ஒன்றும் எரியவில்லை. மறுபடி தொட்டாள். உள்ளே இருட்டாகத்தான் இருந்தது.

*

மறுநாள் காலை அவள் பஸ்ஸில் வந்தாள். அறையில் எல்லாரும் இருந்தார்கள். ஆமையின் கொக்கி மட்டும் காலியாக இருந்தது.

“வா ராடாரு” என்றார் பெருசு. “ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான், அவன் பொண்டாட்டி மூஞ்சியக்கூடத் திருப்பல. அந்தக் கார்க்கார நாயி யாருன்னு உனக்காவது தெரியுமா? என்னதான் சொன்னானாம்?”

அவள் பதில் சொல்லாமல் பேனாவை எடுத்தாள். பெருசு காலியாக விட்டிருந்த இடத்தில் முதலில் ‘ராடார்’ என்று எழுதினாள். பிறகு, முதல் வரியை ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டு, அதே வார்த்தைகளை அதே வரிசையில் எழுதினாள். பார்த்தேன். ஆனா தெரியல.

ராக்கெட் சிரித்துவிட்டான். ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டான். அவள் திரும்பியதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது.

“பொய்” என்றார் பெருசு. “நீ யாரையோ காப்பாத்தற. மேடம் சொல்லிக் குடுத்தாங்களா?”

“இல்ல பெருசு.”

“செல்லு கில்லு பாத்துட்டு இருந்தியா?”

“இல்ல.”

“வேகமாப் போனியா? தூங்கிட்டியா? ஏதாவது ஒண்ணு பண்ணியிருப்பல்ல?” அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நேற்றுத் தாழ்வாரத்தில் அவளுக்கு வேண்டியிருந்த மாதிரியே.

“நின்னேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். அவன் மூஞ்சியவே பாத்தேன். தெரியல. அவ்வளவுதான் பெருசு, வேற ஒண்ணுமே இல்ல.”

பெருசு நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையைக் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டே போனார், இந்தத் தடவை யார் குரலும் போடாமல். முப்பது வருடம் ரோட்டில் இருந்த மனிதரின் முகத்தில் முதல்தடவையாக ஏதோ ஒன்று கலங்கியது.

“உனக்கே தெரியலன்னா,” என்றார், “அப்ப நாங்க யார நம்பி ரோட்டுல போறது?”

 இன்சார்ஜ் மேடம் எட்டிப் பார்த்து, ஆமை வழக்கமாகப் போகிற பக்கத்துக்குப் போக ஆள் இல்லை என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் ராடார் தன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள்.

*

ஆமையின் வழி என்பதால் மின்வாரிய ஆபீஸைத் தாண்டித்தான் போகவேண்டும். பெரிய ரோட்டில், நேற்று அவன் வந்த திசையிலேயே வந்தாள். ரோட்டோரத்தில் இன்னும் கண்ணாடித் துகள்கள் மின்னிக்கொண்டிருந்தன. பெயர் ஒட்டிய குழாய் ஒன்று நடைபாதைக் கல்லை ஒட்டிக் கிடந்தது.

சந்து முனையில் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. பச்சை நிறம். உள்ளே ஒரு பெண், ராடாரின் வயதுதான் இருக்கும். அவளுடைய முகம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது.

நேற்றுவரைக்கும் இந்த இடத்தில் கோபம் வரும். சீக்கிரமாக, சூடாக வரும். உடம்பெல்லாம் முறுக்கேறும். இவள் என்னை மதிக்கமாட்டாள் என்று தெரியும், அந்தத் தெரிதலே ஒரு கவசம். இன்று அதைத் தேடினாள். இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. வெறும் பயம். அங்கே உட்கார்ந்திருக்கிறவள் கெட்டவள் இல்லை. மகளையோ கொடியில் காயும் துணியையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமிருந்து தப்பிக்க எந்த வழியும் இல்லை.

இரண்டு விரலும் பிரேக்கை அழுத்தின. பைக் நின்றது. வழி அவளுடையது, ரோடு அவளுடையது, இருந்தாலும் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

காருக்குள்ளிருந்த பெண் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்து, கையை அசைத்தாள். போங்க, போங்க.

அந்தக் கண்களுக்குள் தான் இருக்கிறோமா என்று ராடார் உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. “ஏம்மா, போக மாட்டியா?” என்று யாரோ கத்தினார்கள். காரிலிருந்த பெண் மறுபடி கையை அசைத்தாள்.

ராடாரின் விரல்கள் பிரேக்கை விட்டு எழவே இல்லை.